தொண்டை வலித்து எத்தனை நாள் ஆகிறது? தொற்றும் குழந்தையின் சிறுநீரகமும்

எட்டு வயதுப் பிள்ளைக்குச் சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. "சமீபத்தில் தொண்டை வலி, காய்ச்சல் ஏதாவது வந்ததா?" என்று மருத்துவர் கேட்கிறார். "வந்தது" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பெற்றோர் பாதிப் பதிலைத்தான் தருகிறார்கள். தொண்டை வலி போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்ததா, நேற்றுத் தொடங்கியதா என்பதில்தான் நோயின் பெயரே அடங்கியிருக்கிறது. இரண்டு வாரம் என்றால் ஒரு நோய், இரண்டு நாள் என்றால் இன்னொன்று. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரம் என்றால் முற்றிலும் வேறொன்று.

தொற்று சிறுநீரகத்தைத் தாக்கும் வழிகள் பல. கிருமி நேரடியாகச் சிறுநீரகத்துக்கே ஏறிவரலாம். எங்கோ இருந்துகொண்டு தன் நச்சை மட்டும் ரத்தத்தில் அனுப்பலாம். கிருமி ஒழிந்த பிறகு, அதை ஒழிக்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்களே சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் போய்ப் படியலாம். ஒவ்வொரு வழிக்கும் அதற்கென்று ஒரு கால இடைவெளி உண்டு, மருத்துவமும் வேறு. ஒன்றில் ஆன்டிபயாடிக்கை உடனே தர வேண்டும். இன்னொன்றில் அது சிறுநீரகத்துக்கு எதுவும் செய்யாது. மூன்றாவதில் கெடுதலே செய்யக்கூடும். "தொற்று, ஆகவே ஆன்டிபயாடிக்" என்ற ஒற்றைச் சூத்திரம் இங்கே செல்லாது.

தொற்று போன பிறகு வரும் நோய்

செங்காய்ச்சல் வந்து, தடிப்பும் சூடும் தணிந்து, பிள்ளை தேறிவிட்டது என்று நினைத்த சில வாரங்களில் முகமும் உடலும் வீங்குவதை வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1812-இல் எழுதி வைத்தார். நடுவில் ஏன் இந்த இடைவெளி என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிளெமென்ஸ் வான் பிர்கே, பேலா ஷிக் ஆகிய இருவரும் குதிரைச் சீரம் ஊசி போட்ட குழந்தைகளுக்குச் சில நாள் கழித்தே நோய் வருவதைக் கவனித்து, உடல் எதிர்ப்பொருள் தயாரிக்க எடுத்துக்கொள்ளும் காலம்தான் அந்த இடைவெளி என்று விளக்கினார்கள்.

இன்று நாம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் தொற்றுக்குப் பிந்திய நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரக அழற்சி) என்று சொல்வது இதைத்தான். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டையில் வந்திருந்தால் ஒன்று முதல் மூன்று வாரத்திலும், தோலில் சீழ்க்கொப்புளமாக வந்திருந்தால் மூன்று முதல் ஆறு வாரத்திலும் சிறுநீரகம் பேசத் தொடங்கும். பள்ளி வயதுப் பிள்ளைகளிடம்தான் அதிகம். கிருமியின் புரதமும் அதற்கு எதிரான எதிர்ப்பொருளும் நுண்வடிகட்டிகளின் சுவரில் படிய, காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொடர் தூண்டப்பட்டு அங்கே அழற்சி கிளம்புகிறது. வடிகட்டி கசிவதால் ரத்த அணுக்கள் சிறுநீரில் வருகின்றன. அடைபடுவதால் உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. காலையில் கண்ணிமை வீக்கம், சிறுநீர் குறைவு, எடை ஏற்றம், ரத்த அழுத்த உயர்வு எல்லாம் இந்த அடைப்பின் விளைவே.

பலருக்குச் சிறுநீரின் நிறம்தான் பயம். உண்மையில் பிள்ளையை ஆபத்தில் தள்ளுவது ரத்த அழுத்தம். அது சட்டென்று ஏறினால் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பிறகு வலிப்பு என்று போகும். தண்ணீர் நுரையீரலில் தேங்கினால் மூச்சுத்திணறல். அப்படியிருந்தும் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிடுவது நடக்கிறது. சிறுவருக்கான கைப்பட்டை இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். பட்டைக்குள் காற்று நிரம்பும் ரப்பர் பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். நீளம் கையை 80 முதல் 100 சதவீதம் சுற்றி வர வேண்டும். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும், பெரிய பட்டை குறைத்துக் காட்டும். பெரியவர்களுக்கான எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது அடுத்த பிழை. ஐந்து வயதில் மேல் அழுத்தம் சுமார் 104-ஐயும், பத்து வயதில் சுமார் 109-ஐயும் எட்டினாலே மறுபடி அளந்து, வயது, உயர அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு 130/90 என்பது அவசர சிகிச்சை தேவைப்படும் அளவு.

ரத்தப் பரிசோதனையில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, அண்மையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்துபோனதற்கான தடயம். தொண்டைத் தொற்றுக்குப் பின் ஏ.எஸ்.ஓ. என்ற எதிர்ப்பொருளின் அளவு ஏறும், தோல் தொற்றுக்குப் பின் அது அவ்வளவாக ஏறாது, ஆன்டி டிஎன்ஏஸ் பி என்ற சோதனையே நம்பகமானது. சிரங்கு வந்த பிள்ளைக்கு ஏ.எஸ்.ஓ. மட்டும் பார்த்து "ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லை" என்று முடிவுகட்டுவது தவறு. மற்றொன்று சி3 எனும் காம்ப்ளிமென்ட் புரதம். அது இந்நோயில் இறங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் இயல்புக்குத் திரும்பும். மூன்று மாதமாகியும் ஏறவில்லையென்றால் நோய் வேறு என்று பொருள். லூபஸ் (எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கும் நோய்), சி3 குளோமருலோபதி (காம்ப்ளிமென்ட் கோளாறால் வடிகட்டி கெடும் நோய்) போன்றவற்றைத் தேடி, சிறுநீரகத் திசுப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும். ஆகவே முதல் சி3-ஐவிட எட்டாவது வார சி3 எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிள்ளை நன்றாக ஓடியாடும்போது யாரும் ஊசி குத்த மனம் வராமல் விட்டுவிடுவதும் அதைத்தான்.

சிகிச்சை எளிது, ஆனால் கறார் வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். தண்ணீரும் கணக்கோடு: முந்தைய நாள் போன சிறுநீரின் அளவு, அதோடு உடற்பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 400 மில்லி. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், அதே எடைப்பொறியில், அதே அளவு உடையோடு எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அது ஒரு லிட்டர் தண்ணீர். நீர்பிரிக்கும் மருந்தும் தேவைப்பட்டால் ரத்த அழுத்த மருந்தும் தருவார்கள். தொண்டையிலோ தோலிலோ இன்னும் கிருமி இருந்தால் பென்சிலின் வகை மருந்து உண்டு. அது கிருமியை ஒழிக்கும், மற்றவருக்குப் பரவாமல் தடுக்கும். தொடங்கிவிட்ட நெஃப்ரைட்டிஸை நிறுத்தாது. வாதக்காய்ச்சலுக்குத் தருவதுபோல ஆண்டுக்கணக்கில் பென்சிலின் ஊசி போட வேண்டியதும் இல்லை, ஏனெனில் இந்த நோய் அதே பிள்ளைக்கு மறுபடி வருவது அரிது.

பெரும்பாலான பிள்ளைகள் முழுக்கத் தேறிவிடுகிறார்கள். வீக்கமும் அழுத்தமும் சில வாரங்களில் அடங்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்த அணுக்கள் மட்டும் சிறுநீரில் ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டுகூட வந்துகொண்டிருக்கும். அழுத்தமும் புரதமும் சரியாக இருந்தால் அதற்காகக் கலங்க வேண்டாம்.

தோல்வழி வரும் வகையைத் தடுக்கச் சொறியிலிருந்து தொடங்க வேண்டும். சொறிப்பூச்சி அரிப்பைத் தருகிறது, சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஏறுகிறது. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து பாதம்வரை, விரலிடுக்கையும் நகக்கண்ணையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் பூசினால், அரிப்பு இன்னும் தொடங்காத அண்ணனிடமிருந்து பூச்சி திரும்பி வரும்.

இரண்டே நாளில் சிவந்தால்

சளி, தொண்டை வலி தொடங்கிய ஓரிரு நாளிலேயே சிறுநீர் சிவந்தால் மேலே சொன்ன கதை பொருந்தாது. எதிர்ப்பொருள் புதிதாக உருவாக அவகாசமே இல்லை. இது பெரும்பாலும் ஐஜிஏ நெஃப்ரோபதி. ஏற்கெனவே வடிகட்டியில் படிந்துகொண்டிருக்கும் கோளாறான ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள், சளிக்காய்ச்சல் வரும்போதெல்லாம் கூடுகிறது. சி3 இயல்பாகவே இருக்கும். நிறம் சில நாளில் தெளிந்துவிடும், அடுத்த சளியில் திரும்பி வரும். தெளிந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு சளிகளுக்கு நடுவிலும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதுதான் எதிர்காலத்தைச் சொல்லும் அளவுகோல்.

இதன் உறவுக்கார நோய் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ், அதாவது சிறு ரத்தக்குழாய்களின் அழற்சி. சளிக்குப் பின் காலிலும் பிட்டத்திலும் தடவினால் தட்டுப்படும் செந்நீலப் புள்ளிகள், மூட்டு வலி, வயிற்று வலி. சிறுநீரகம் அன்றைக்கே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. முதல் சில வாரம் வாராவாரமும், பிறகு இடைவெளி விட்டு ஆறு மாதம்வரையும் சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். புள்ளிகள் மறைந்ததும் பரிசோதனையை நிறுத்திவிடுவதே இங்கு வழக்கமாக நேரும் தவறு.

வயிற்றுப்போக்கு நிற்கும்போது

ஷிகா என்ற நச்சைச் சுரக்கும் இ.கோலைக் கிருமி, குறிப்பாக ஓ157 வகை, சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சி, காய்ச்சாத பால், அசுத்த நீர், கழுவாத கீரை வழியாகக் குடலுக்கு வருகிறது. மூன்று நான்கு நாளில் வயிற்றுப்போக்கு, அடுத்த ஓரிரு நாளில் மலத்தில் ரத்தம். கிருமி குடலோடு நின்றுவிடுகிறது. நச்சு மட்டும் ரத்தத்தில் ஏறி, சிறுநீரக நுண்குழாய்களின் உட்சுவரைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் திரண்டு அடைக்கின்றன. அந்த இடுக்கில் நுழையும் சிவப்பணுக்கள் சிதைகின்றன. ரத்தசோகை, தட்டணுக் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு மூன்றும் சேர்ந்த இதற்கு 1955-இல் கான்ராட் காசர் ஹீமோலிட்டிக் யுரேமிக் சிண்ட்ரோம் என்று பெயரிட்டார். இ.கோலையோடு இதற்குள்ள தொடர்பை 1983-இல் முகமது கர்மாலி குழுவினர் காட்டினார்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், அதுவும் பெரும்பாலும் போக்கு குறைந்து எல்லோரும் ஆறுதல் அடையும் நேரத்தில்தான், இது தலைகாட்டும். பிள்ளை வெளிறுகிறது, சோர்ந்து படுக்கிறது, சிறுநீர் குறைகிறது. ஓ157 தொற்றிய குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு இது வரும். முதலில் இறங்குவது தட்டணு. ஆகவே ரத்தபேதியில் ஓ157 உறுதியானால் அந்த நாட்களில் தினமும் ரத்த அணு எண்ணிக்கையும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்ப்பது வீண் செலவு ஆகாது.

செய்யக் கூடாதவை இரண்டு. போக்கை நிறுத்தும் லோப்பரமைடு போன்ற மாத்திரை வேண்டாம். குடல் அசையாவிட்டால் நச்சு உள்ளேயே தங்கும். இந்த வகை இ.கோலைக்கு ஆன்டிபயாடிக்கும் கூடாது என்பதே பொதுவான கருத்து. சாகும் கிருமி கூடுதல் நச்சை வெளியிடலாம். ஆனால் ரத்தபேதி எல்லாமே இ.கோலை ஆகிவிடாது. ஷிகெல்லா என்ற வேறொரு கிருமியால் வரும் பேதிக்கு ஆன்டிபயாடிக் வேண்டும். இரண்டையும் பிரித்தறிய மலப் பரிசோதனை வேண்டும், வீட்டில் மீந்திருக்கும் மாத்திரை பதிலாகாது. நோய் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படுகிறது, பெரும்பாலோர் மீள்கிறார்கள். மீண்டபின்னும் ஆண்டுக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்த்துவர வேண்டும், ஏனென்றால் தழும்பின் விலை பல ஆண்டு கழித்தும் தெரியலாம்.

கிருமி நேராகவே ஏறிவரும்போது

சிறுநீர்த் தொற்று இதுவரை சொன்னவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கே கிருமி சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கிறது. பத்தில் எட்டு முறை சாதாரணக் குடல் இ.கோலை. இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் இருந்து, சளி, இருமல், பேதி என்று காரணம் எதுவும் தெரியாவிட்டால் சிறுநீரைப் பார்த்தே ஆக வேண்டும். எரிகிறது என்று அந்த வயதில் சொல்லத் தெரியாது. வாந்தி, பால் மறுப்பு, சிணுங்கல் மட்டுமே தெரியும்.

இந்த நோயைத் தவறவிடுவதும், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்வதும் பெரும்பாலும் மாதிரி பிடிக்கும் விதத்தில்தான் நடக்கிறது. ஒட்டுப்பையில் பிடித்த சிறுநீரில் கிருமி இல்லை என்று வந்தால் நம்பலாம், இருக்கிறது என்று வந்தால் நம்ப முடியாது. தோலிலும் மலத்திலும் உள்ள கிருமி அதில் கலந்துவிடும். பிறப்புறுப்பைத் தண்ணீரால் கழுவி ஒற்றியெடுத்து, குழந்தையைத் தூக்கிப் பிடித்து, கிருமி நீக்கிய கிண்ணத்தில் நடுவில் வரும் சிறுநீரைப் பிடிப்பது நல்லது. குளிர்ந்த உப்புநீரில் நனைத்த பஞ்சுத்துணியால் அடிவயிற்றை வட்டமாகத் தேய்த்தால், மூன்றில் ஒரு கைக்குழந்தை ஐந்து நிமிடத்துக்குள் கழித்துவிடும் என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. சும்மா காத்திருந்தவர்களில் அது 12 சதவீதமே. காய்ச்சல் கடுமையாக இருந்து உடனே மருந்து தொடங்க வேண்டுமென்றால் மெல்லிய குழாய் செருகி எடுப்பதே சரி. ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன் மாதிரி எடுத்தாக வேண்டும்; ஒரு வேளை உள்ளே போனாலே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை பொய் சொல்லத் தொடங்கும்.

எடுத்த மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போக வேண்டும், இல்லையென்றால் 4 டிகிரி குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அரைமணிக்கு ஒரு முறை இரட்டிக்கும் கிருமி ஆயிரமாக இருந்தால் மூன்றரை மணி நேரத்தில் லட்சத்தைத் தாண்டிவிடும். பிடித்த சிறுநீரில் தொற்று என்று ஏற்பதற்கான வழக்கமான எல்லை மில்லிக்கு ஒரு லட்சம். மேசையில் மறந்து வைத்த புட்டியே ஒரு நோயை உண்டாக்கிவிடும் என்று பொருள். சிறுநீரில் நனைத்து நிறமாற்றம் பார்க்கும் நுனிப்பட்டைச் சோதனையில் நைட்ரைட் இல்லை என்பதும் கைக்குழந்தையிடம் ஆறுதல் தராது. கிருமி நைட்ரைட்டை உண்டாக்கச் சிறுநீர் நான்கு மணி நேரமாவது சிறுநீர்ப்பையில் தங்க வேண்டும், கைக்குழந்தை அவ்வளவு நேரம் அடக்குவதில்லை.

இங்கே ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாத ஒன்று. காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாளைத் தாண்டித் தாமதமானால் சிறுநீரகத்தில் தழும்பு விழும் வாய்ப்பு கூடுகிறது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட, வாந்தியில்லாத குழந்தைக்கு வாய்வழி மருந்தே ஊசிக்கு நிகராக வேலை செய்யும். வழக்கமாக ஏழு முதல் பத்து நாள். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியோ, அடைப்போ, சீழ்க்கட்டியோ இருக்கலாம்; அல்ட்ராசவுண்ட் உடனே வேண்டும்.

காய்ச்சலோடு முதல் தொற்று வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர் சிறுநீர்ப்பையிலிருந்து மேல்நோக்கிச் சிறுநீரகத்தின் பக்கம் போகும் ரிஃப்ளக்ஸ் இருக்கும். ஒன்று முதல் ஐந்துவரை தரம் பிரிப்பார்கள். கீழ்த்தரங்கள் பெரும்பாலும் தாமாகவே சரியாகும். இவர்களுக்குத் தினமும் சிறிய அளவு ஆன்டிபயாடிக் தரலாமா என்பது பழைய விவாதம். 607 குழந்தைகளை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்தவர்களுக்கு மறுதொற்று பாதியாகக் குறைந்தது, தழும்பு குறையவில்லை, மருந்துக்கு அடங்காத கிருமி கூடியது. எல்லோருக்கும் தருவதை இது ஆதரிக்கவில்லை. உயர்தர ரிஃப்ளக்ஸ் உள்ளவர்களுக்கும், தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களுக்கும் யோசிக்கலாம்.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தி, முழுக்கக் காலியாக விடாமல் செய்யும்; தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கச் சொல்வது, கழிப்பறையில் கால் தொங்காமல் பாதம் ஊன்ற வைப்பது, மலத்தை இளக்குவது: மாத்திரைச் சீட்டைவிட இவை பல பிள்ளைகளுக்கு அதிகம் உதவுகின்றன. காய்ச்சலோ தொந்தரவோ இல்லாத பிள்ளைக்குச் சும்மா கல்ச்சர் எடுத்து, அதில் வந்த கிருமிக்கு மருந்து கொடுப்பது மட்டும் வேண்டாம்.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல், கடுமையான ரத்தத் தொற்று எல்லாமே சிறுநீரகத்தைத் திடீரென்று முடக்கக்கூடியவை. ஹெபடைட்டிஸ் பி, வடிகட்டியின் சவ்வைத் தடிக்கச் செய்து புரதம் கசிய விடும். தடுப்பூசி பரவிய இடங்களில் குழந்தைகளிடம் இந்த வகை நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றாடம் கண்முன் நடப்பது இவற்றைவிடச் சாதாரணமானது: பேதியில் உடல் வறண்ட பிள்ளைக்குக் காய்ச்சலுக்கென்று ஐபுப்ரூஃபன் கொடுப்பது. உடல் வறளும்போது சிறுநீரகம் புரோஸ்டாகிளான்டின் என்ற தன் சுரப்பின் உதவியால்தான் தன் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. அந்த மருந்து அதையே அடைக்கிறது. பாராசிட்டமால், எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். ஒவ்வொரு போக்குக்கும் பிறகு உப்புச் சர்க்கரைக் கரைசல், இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. எட்டு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நோயுள்ள சிறுநீரகமும் புதிய தொற்றும்

சிறுநீரில் புரதம் ஏராளமாகக் கசிந்து உடல் வீங்கும் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம், தொற்றுக்கும் சிறுநீரகத்துக்குமான உறவு இருபக்கமும் ஓடுகிறது. சிறுநீரில் ஆல்புமினோடு ஐஜிஜி எதிர்ப்பொருளும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் வெளியேறுகின்றன. போதாததற்கு, சிகிச்சைக்குத் தரும் ஸ்டீராய்டு வேறு எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. வீங்கிய வயிற்றில் தேங்கிய நீர் நிமோகாக்கஸ் என்ற கிருமிக்கு வசதியான இடம். வீக்கமுள்ள பிள்ளைக்கு வயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால், வேறொன்று என்று நிரூபணமாகும்வரை அது வயிற்று உள்ளுறையின் தொற்றான பெரிட்டோனைட்டிஸ்தான், அன்றே ஊசி மருந்து தேவை.

மறுபக்கம், அடங்கியிருந்த நோய் திரும்பும்போது பாதிக்கும் மேற்பட்ட தடவை அதற்கு முன் ஒரு சளி இருக்கும். ஆகவே சளிக்காய்ச்சல் நாட்களில் காலை முதல் சிறுநீரை நுனிப்பட்டையால் தினமும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். காய்ச்சலே ஓரிரு நாள் புரதத்தைக் காட்டக்கூடும் என்பதால், தொடர்ந்து மூன்று நாள் 3+ வந்தால்தான் மீள்தாக்கம் என்று கொள்வார்கள். சளி வந்ததும் சிறு அளவு ஸ்டீராய்டைத் தினமும் தந்து மீள்தாக்கத்தைத் தடுக்கலாம் என்ற பழக்கம் பரவலாக இருந்தது. பிரிட்டனில் நடந்த ப்ரெட்நாஸ் 2 ஆய்வு, ஆறு நாள் அப்படிக் கொடுத்தும் மீள்தாக்கம் குறையவில்லை என்று காட்டியது. எனவே இதை நீங்களாகத் தொடங்காதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை காய்ச்சலிலோ வாந்தியிலோ ஒரு வேளையைக்கூட விட்டுவிடக் கூடாது என்பது இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறு விதி. உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி உறங்கிக் கிடக்கும் நேரத்தில் மருந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் ஊசியாகத் தர வேண்டும்.

நிமோகாக்கஸ் தடுப்பூசியும் ஆண்டுதோறும், செயலிழக்கச் செய்த கிருமியாலான ஃப்ளூ தடுப்பூசியும் இவர்களுக்கு அவசியம். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை அதிக அளவு ஸ்டீராய்டு ஓடும்போது போடக் கூடாது. அது முடிந்து ஒரு மாதமாவது போகட்டும். உடன்பிறந்தவர்களுக்கு அவற்றைப் போடலாம், போட வேண்டும். சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத பிள்ளை ஸ்டீராய்டில் இருக்கும்போது வகுப்பில் யாருக்காவது சின்னம்மை என்று தெரிந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கான இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்பொருள்) ஊசியை முதல் சில நாட்களில் போடுவதே நல்லது. பத்து நாளுக்குப் பின் போட்டுப் பயனில்லை.